மாவு வீரர் எமெரி

வோகூர் எமெரி என்று கேட்டால் பர்கண்டியின் இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. மாவு வீரர் என்று கேட்டால் பன்றி மேய்க்கிறவள்கூட ஆற்றுப் பாலத்தின் பக்கம் கையைக் காட்டுவாள். பிரபுவின் வாள் தோளில் பட்டு முறையாகப் பட்டம் வாங்கிய குதிரைவீரர் ஒருவர், மனைவியின் மாவாலையில் உட்கார்ந்து காலமெல்லாம் கோதுமை அரைத்தால் ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எமெரி மூடப் பார்த்ததும் இல்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு, தன் தலையில் தானே குட்டிக்கொள்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

வோகூர் வீட்டில் அவர் மூன்றாவது பிள்ளை. அந்தக் காலத்து வழக்கம் தெரியுமே. மூத்தவனுக்கு நிலம். அடுத்தவனுக்கு மடம். மூன்றாமவனுக்கு ஒரு குதிரையும் தாயின் ஆசீர்வாதமும். அந்தக் குதிரையும் கொஞ்சம் கிழடு. அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கோலார் என்ற குதிரைக்காரரும் கூடவே வந்தார். எமெரியை முதன்முதலில் சேணத்தில் தூக்கி உட்கார வைத்தவர் அவர். ஐம்பது வயது, ஒரு சொத்தைப் பல், அந்தப் பல்லைவிடக் குடைச்சல் தரும் நாக்கு.

பிரபுவின் கோட்டையில் எமெரிக்கு மேசையின் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. சாப்பாடு, குளிருக்குப் போர்வை, குதிரைக்கு வைக்கோல். அந்த இடம் போனால் வேறு போக்கிடம் கிடையாது. அண்ணன் வீட்டில் ஒரு வாரம் தாங்குவார்கள், அதற்கு மேல் அண்ணி கதவுப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். இருபது வயதில் பட்டம் கட்டினார்கள். அந்த இலையுதிர்காலத்திலேயே, புனித மார்ட்டின் திருநாள் விருந்தில், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த விருந்தின் வழக்கம் இது. நாரையை முழுதாக வறுத்து, பிடுங்கிய இறகுகளைத் திரும்ப ஒட்டி, வெள்ளித்தட்டில் வைத்து இரண்டு பெண்கள் எடுத்து வருவார்கள், முன்னால் ஒருவன் பிடில் வாசித்துக்கொண்டு வருவான். ஒவ்வொரு வீரன் முன்னாலும் தட்டு நிற்கும். பறவையின் முதுகில் கை வைத்து, வருகிற வருடம் என்ன செய்யப்போகிறேன் என்று சபதம் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான், குடித்துவிட்டுச் சொன்னாலும் சரி. அடுத்த வருட விருந்தில் அடுத்த நாரையின் மேல் கை வைத்து, சொன்னதை எப்படி முடித்தேன் என்று சபை முன்னால் சொன்ன பிறகுதான் சபதம் தீரும்.

நாரை தன் நிழலைக் கண்டே பயப்படுகிற பறவை. அதனால் கூட்டத்தில் பெரிய கோழை யாரோ அவன் முன்னால் முதலில் வையுங்கள் என்று கேலி பண்ணுவதும் வழக்கம்தான். அன்றைக்குச் சித்தப்பா மகன் ரெனியே எழுந்தான். நல்ல உயரம், நல்ல குதிரை, நல்ல வசதி.

"எமெரி முன்னாடி வைங்கம்மா," என்றான். "ரெண்டும் சொந்தக்காரங்க. பேசிக்கட்டும்."

சபை சிரித்தது. பிரபுவும் சிரித்தார். எமெரிக்கு மூன்றாவது கோப்பை அப்போதுதான் இறங்கியிருந்தது. எழுந்து நாரையின் முதுகில் கையை வைத்தார். ஈஸ்டர் முதல் கோடை நடுவில் வரும் யோவான் திருநாள் வரை ஊஷெல் ஆற்றுக் கல்பாலத்தில் நிற்பேன், அந்த வழியாக வருகிற எந்தக் குதிரைவீரனும் என்னோடு ஒரு தடவை ஈட்டி மோதாமல் பாலத்தைத் தாண்ட முடியாது, அந்த மோதல் முடியும்வரை என் இடது கண்ணைத் துணியால் கட்டி வைப்பேன் என்றார். கண்ணைக் கட்டிக்கொள்வது அப்போது இளவட்டங்களுக்கு ஒரு மோகம். ஒரு பெண் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கொடுத்தாள். சபை மேசையைத் தட்டியது.

மறுநாள் காலை லாயத்தில் கோலார் அவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சபதம் பண்றதுதான் பண்ணீங்க சின்னய்யா, வலது கண்ண மூடியிருக்கக் கூடாதா? எதிராளி எந்தப் பக்கம் வருவான்?"

எமெரி யோசித்தார். ஈட்டி மோதலில் இரண்டு குதிரைகளும் இடப்பக்கம் இடப்பக்கமாகத்தான் உரசிப் போகும்.

"இடது பக்கம்," என்றார் மெல்ல.

"திருடன் வர்ற பக்கத்து ஜன்னலைச் சாத்திட்டு காவலுக்கு உக்காந்திருக்கீங்க."

"வாய்ல வந்துடுச்சு, கோலார்."

"நுணலும் தன் வாயால கெடும். ஆனா அந்தத் தவளை குடிக்காமலே கத்துச்சு. உங்களுக்கு மூணு கோப்பை வேண்டியிருந்துச்சு."

அந்தக் குளிர்காலம் முழுக்க எமெரி கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொண்டார். மேசையில் ஒயின் ஊற்றினால் கோப்பைக்கு அந்தப் பக்கம் ஊற்றினார். கோட்டைச் சாமியாரின் சட்டைக் கை ஒரு தடவை முழுக்க நனைந்தது. ஆனால் ஒற்றைக் கண்ணை விடப் பெரிய சங்கடம் வேறொன்று இருந்தது, அது கோலாருக்கு மட்டும்தான் தெரியும். பயிற்சிக்காக முற்றத்தில் ஒரு மர ஆளை நிறுத்தி வைத்திருந்தார்கள். குதிரையில் பாய்ந்து வந்து அதன் கேடயத்தில் ஈட்டியால் குத்த வேண்டும். எமெரி நன்றாகத்தான் வருவார். கடைசி ஒரு கணத்தில், ஈட்டி முனை படுகிற அந்தக் கணத்தில், திறந்திருக்கிற கண்ணையும் இறுக மூடிவிடுவார். கை தானாக மேலே எழும்பும். ஈட்டி மர ஆளின் தலைக்கு மேல் போகும்.

"மறுபடியும் மூடுறீங்க," என்பார் கோலார்.

"தூசி விழுந்துச்சு."

"உறைபனியில தூசி."

எமெரி குதிரையைத் திருப்புவார். தான் கோழையா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் பாலத்தின் இந்தக் கரையில் கூடாரம் போட்டு, வாதுமை மரத்தில் கேடயத்தைத் தொங்கவிட்டார்கள். பாலம் கழுதைக்கும் வண்டிக்கும் போதும், ஆனால் கரையோரப் புல்வெளி ஈட்டி மோதலுக்கு அகலமானதுதான். பன்றிகளோடு குடியானவர்கள் வந்தார்கள். உப்பு வியாபாரி வந்தான். கன்னியாஸ்திரீகள் இருவர் வந்தார்கள், அவர்களுக்கு எமெரி கோழிக்கூடையைத் தூக்கிக் கொடுத்தார். குதிரைவீரன் என்று ஒருவனும் வரவில்லை. ஒரு பொடியன் பாலத்தில் நின்று சண்டை கேட்கிறானாம் என்று செய்தி பரவியிருந்தது. வேலை வெட்டி உள்ளவர்கள் எல்லாம் கீழே உள்ள துறையில் குதிரையை இறக்கி ஆற்றைத் தாண்டிப் போனார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் ரெனியேவோடு வேறு எங்கோ விருந்து தின்றுகொண்டிருந்தார்கள். எமெரி கம்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார், நாள் முழுக்கப் பாலத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மாலையும் யாரும் வரவில்லையே என்று சலித்துக்கொள்வார். உள்ளுக்குள் அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாவைப் பற்றி வயதான பிறகும் அவர் வெட்கப்பட்டுத்தான் பேசினார்.

பெந்தெகொஸ்தே திருநாளும் கழிந்த ஒரு காலையில், பாலத்துக்கு வருகிற பாதையில் ஒரு பழைய போர்க்குதிரை மெல்ல நடந்து வந்தது. மேலே ஒரு கிழவர், முழுக் கவசத்தில். கூட ஒரு வேலைக்காரன், கோவேறு கழுதையில் மூட்டைகள். கிழவரின் முகம் பழைய மெழுகு மாதிரி மஞ்சள் பூத்துக் கிடந்தது. கவசம் அவர் மேல் தொளதொளவென்று ஆடியது, அதைச் செய்தபோது அந்த உடம்பு இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும்.

எமெரி எழுந்து போய் வணங்கினார். கிழவர் மரத்தில் தொங்கிய கேடயத்தைப் பார்த்தார், எமெரியின் கண்துணியைப் பார்த்தார்.

"நாரை சபதமா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"நானும் பண்ணியிருக்கேன். உன்னை மாதிரி இருந்தப்ப. நான் மோன்லூ கோஷே. அந்தக் கரையில அந்தா தெரியுது பாரு கோபுரம், அதுதான் வீடு. மகள் இருக்கா. வயித்துல கட்டி தம்பி. வைத்தியன் கைய விரிச்சிட்டான். வீட்டுல போய்ச் சாகலாம்னு வந்துக்கிட்டிருக்கேன்."

இதை அவர் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார். எமெரி ஆற்றின் பக்கம் கையைக் காட்டினார்.

"ஐயா, கீழ துறை இருக்கு. தண்ணி முழங்காலுக்குத்தான். உங்க ஆள் குதிரையைப் பிடிச்சுக்கிட்டா..."

கிழவர் சிரித்தார். சிரித்தது வயிற்றில் வலித்திருக்க வேண்டும், சேணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா யாராவது வழிய மறிச்சா சுத்துவழி போனதில்ல. இன்னைக்குப் போய் எதுக்குப் பழக்கத்தக் கெடுத்துக்கணும்?"

"அப்ப நான் வழி விடுறேன். நீங்க போங்க ஐயா."

"உன் சபதம்?"

"அது என் பாடு."

கிழவரின் முகம் முதல் தடவையாகக் கடுத்தது.

"பொணத்துக்குத்தான் எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்க தம்பி. நான் இன்னும் பொணமாகல. கேடயம் தொங்குது, நான் வந்திருக்கேன். குதிரை ஏறு."

கோலார் பக்கத்தில் வந்து எமெரியின் காதில் கிசுகிசுத்தார். "ஏறாதீங்க சின்னய்யா. ஜெயிச்சாலும் கேவலம், தோத்தாலும் கேவலம்."

"ஏறலைன்னா அவருக்குக் கேவலம்," என்றார் எமெரி.

இந்த ஒரு பதிலை மட்டும் பின்னாளில் அவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார். மற்ற எதையும் இல்லை.

கிழவரின் கைகளில் நடுக்கம். வேலைக்காரன் அவர் இடுப்பைத் தோல்வாரால் சேணத்தோடு சேர்த்துக் கட்டினான். ஈட்டியைத் தூக்கிக் கொடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கிழவர் அதைக் கக்கத்தில் வாங்கியதும் நடுக்கம் நின்றுவிட்டது. புல்வெளியின் இரண்டு முனைகளிலும் போய் நின்றார்கள். கோலார் கையை இறக்கினார். கிழக்குதிரைகள் இரண்டும் ஓட ஆரம்பித்தன.

இரும்புத் தொப்பியின் பிளவு வழியாக எமெரி தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி வலது கண்ணால் பார்த்தார். கிழவர் பெரிதாகிக்கொண்டே வந்தார். ஈட்டி முனை ஆடவே இல்லை. சாகப்போகிறவருக்குத் தன்மேல் என்ன கோபம் என்று தோன்றியதாம். பிறகு, இவர் சாகப்போகிறவர், நான்தான் இங்கே செத்துப்போவேன் என்று தோன்றியதாம். அவ்வளவுதான். கண்ணை இறுக மூடினார். கை மேலே எழும்பியது.

கிழவரின் ஈட்டி எமெரியின் கேடயத்தின் விளிம்பில் பட்டு உடைந்தது. ஒரு சிராய்த் துண்டு பிளவுக்குள் புகுந்தது. குதிரையிலிருந்து விழுந்தது அவருக்கு நினைவில்லை. புல்லின் வாசனை மட்டும் நினைவிருந்தது.

அவரையும் கிழவரையும் ஒரே வண்டியில் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். மோன்லூ வீட்டில் கோஷேயின் மகள் மாஹோ வாசலில் நின்றாள். வீட்டுக்காரன் செத்து, பிள்ளை இல்லாமல் அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். எமெரியை விட நாலு வயது மூத்தவள். அழுகிற ஜாதி இல்லை. அப்பாவை மேல் அறையிலும் வந்தவனைக் கீழ் அறையிலும் படுக்க வைத்து, மடத்திலிருந்து ஒரு சாமியாரை வரவழைத்து, சிராயை எடுக்கச் சொல்லிவிட்டு, காயத்தைத் தானே கழுவினாள். வலது கண் போய்விட்டது என்று சாமியார் சொன்னார்.

"சபதம் முடிஞ்சுதுல்ல?" என்றாள் மாஹோ. "மோதிட்டீங்க. இதை இனிமேலாவது அவுக்கலாமா?"

இடது கண் துணியை அவள் அவிழ்த்தாள். எத்தனையோ மாதம் இருட்டில் கிடந்த கண் கூசியது. முதலில் ஒரு செம்புப் பாத்திரம் தெரிந்தது, அதில் சிவந்த தண்ணீர். அப்புறம் துணியைப் பிழிகிற இரண்டு கைகள். அப்புறம்தான் முகம். பைத்தியக்காரச் சபதம் காப்பாற்றி வைத்த கண்ணால்தான் இனி மீதி உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அப்போது புரிந்தது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படுத்திருந்தார்.

மறுநாள் கிழவர் கூப்பிட்டனுப்பினார். கோலார் தாங்கிப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனார். கட்டிலைச் சுற்றிச் சாமியார், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், மாஹோ.

"இந்தத் தம்பிதான்," என்றார் கோஷே. குரல் காற்றாகத்தான் வந்தது. "என் நெஞ்சுக்கு நேரா வந்த ஈட்டிய மேல தூக்கிட்டான். பார்த்தேன். என்னை ஆளா மதிச்சு எதிர்ல வந்தான், அப்புறம் பொழைக்க விட்டான். ரெண்டையும் சேர்த்துச் செய்ற ஒருத்தன நான் பார்த்ததில்ல."

"ஐயா, நான்..." என்று ஆரம்பித்தார் எமெரி.

"பேசாத. கேட்டுக்க."

எமெரி பேசவில்லை. சாகிற மனிதரிடம் போய், நீங்கள் பார்த்தது பொய், நான் பயந்து கண்ணை மூடினேன் என்று எந்த வாயால் சொல்வது? கிழவர் மறுநாள் காலை, தன் கட்டிலில், தன் மகள் கையைப் பிடித்தபடி போனார். முகத்தில் நிம்மதி இருந்தது.

ஆனால் அன்றைக்குப் பேசாமல் விட்டது அதற்கப்புறமும் தொடர்ந்தது. கதை கோட்டைக்கு எமெரிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. சமையல்காரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போகிற பாட்டுக்காரன் ஒருவன் அதில் இரண்டு வெள்ளைக் குதிரைகளைச் சேர்த்துப் பாட்டே கட்டிவிட்டான். எமெரியின் குதிரை செம்பழுப்பு. மேசையின் கடைசியிலிருந்து நடுவுக்கு அவருடைய இடம் நகர்ந்தது. ரெனியே அவரைப் பார்த்தால் குனிந்துகொண்டான். எமெரிக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? சில நாள் அவருக்கே அது நிஜமாக நடந்த மாதிரித் தோன்றும். இரக்கத்தில்தான் தூக்கினேனோ என்று யோசிப்பார். பிறகு முகம் கழுவும்போது வலது இமையின் தழும்பில் விரல் படும்.

அறுவடை முடிந்ததும் பிரபு அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோஷேக்கு ஆண் வாரிசு இல்ல. மோன்லூ என் கைக்குத் திரும்பி வந்திருக்கு. மார்ட்டின் விருந்துல உனக்குத் தர்றதா இருக்கேன். நாரை மேல கைய வச்சு, சபதத்த எப்படி முடிச்சேன்னு சபையில சொல்லு. நடந்ததச் சொன்னா போதும்."

மோன்லூ என்றால் கோபுரம், திராட்சைத் தோட்டம், வாதுமைக் காடு. மூன்றாம் பிள்ளைக்குக் கனவில்கூட வராத சொத்து. அது கையில் வரவேண்டுமானால், முன்பு சபதம் செய்த அதே மாதிரி ஒரு பறவையின் முதுகில் கை வைத்துப் பொய் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் மோன்லூவும் இல்லை, மேசையில் இடமும் இருக்காது. கோலாரிடம் போய்ச் சொன்னார். கோலார் குதிரையைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க கண்ண மூடினது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். செத்தவருக்குத் தெரியாது. நான் வாயத் திறக்க மாட்டேன் சின்னய்யா. வயசான காலத்துல எனக்கும் ஒரு சூடான அடுப்பு மூலை வேணும்."

"சொல்லாதேன்னு சொல்றியா?"

"நான் குதிரைக்காரன். குதிரையப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

விருந்து நாள் வந்தது. மாஹோவையும் பிரபு வரவழைத்திருந்தார், கோஷேயின் மகள் என்ற மரியாதைக்கு. பெண்கள் வரிசையில் கருப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். பிடில் வந்தது, தட்டு வந்தது. அந்த வருடம் யாரும் கோழை என்று கேலி பண்ணவில்லை. நாரை நேராக எமெரி முன்னால் வந்து நின்றது.

அவர் கையை வைத்தார். இறகுக்குக் கீழே பறவை சூடாக இருந்தது.

"பாலத்துல நின்னேன்," என்றார். "மோன்லூ கோஷே ஐயா வந்தாங்க. மோதினோம். நான் தோத்தேன். சபதம் முடிஞ்சுது."

"ஈட்டியத் தூக்கினத சொல்லுப்பா," என்றார் பிரபு அன்பாக.

எமெரி கையை எடுக்காமலே சொன்னார்.

"நான் தூக்கல பிரபு. பயந்து கண்ண மூடினேன். மூடினா என் கை மேல போகும். மர ஆள்கிட்டயும் அப்படித்தான் போகும், கோலாரக் கேளுங்க. ஐயா மேல இரக்கம் இருந்துச்சான்னா, இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல அது எங்கயோ இருந்துச்சு. பயம் மட்டும்தான் பக்கத்துல இருந்துச்சு. அவரப் பொழைக்க விட்டது நான் வேணும்னு செஞ்சதில்ல. அவரு அப்படி நம்பிட்டாரு. நான் சும்மா இருந்துட்டேன்."

பிடில்காரன் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டான். பிரபுவின் முகம் சிவந்தது. வாக்குறுதியை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவருக்கு அது அவமானம்தான்.

"சரி. உக்காரு," என்றார் கடைசியில். "பறவை ஆறிப்போகுது."

மோன்லூவை அந்த வாரமே ரெனியேவுக்குக் கொடுத்தார்கள். எமெரியின் இடம் மேசையின் கடைசிக்குத் திரும்பவில்லை, மேசையை விட்டே போய்விட்டது. யாரும் போ என்று சொல்லவில்லை. அவர் உட்காருகிற இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை எமெரி லாயத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மாஹோ வந்தாள். கோலார் வெளியே போக எழுந்தார், கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"எங்க போறீங்க?" என்றாள் எமெரியிடம்.

"தெரியல. உங்க அப்பா விஷயத்துல உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

"எனக்குத் தெரியும்."

எமெரி நிமிர்ந்தார்.

"காயத்த யாரு கழுவினா? நான்தானே. சிராய் உங்க இமையக் குறுக்கால கிழிச்சுக்கிட்டு உள்ள போயிருந்துச்சு. திறந்த கண்ணுல பட்டா இமை எப்படிக் கிழியும்? முதல் நாளே தெரியும் நீங்க மூடியிருந்தீங்கன்னு. அப்பா அப்படி நம்பிட்டுப் போனாரு, போகட்டும். நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னுதான் அன்னையில இருந்து பார்த்துக்கிட்டிருந்தேன்."

"பார்த்துட்டீங்க."

"பார்த்துட்டேன். மோன்லூ போச்சு, எனக்கும்தான். ஆனா செத்த வீட்டுக்காரரு பங்கா எனக்குப் பாலத்தடி மாவாலை இருக்கு. ஆலைக்காரன் கோதுமையிலும் திருடுறான், மாவுலயும் திருடுறான். சபை முன்னாடி நின்னு தன்னத் தானே காட்டிக்குடுக்கிற ஆளு ஒருத்தரு வேணும் எனக்கு. அப்படிப்பட்டவரு என்கிட்ட மாவு விஷயத்துல பொய் சொல்ல மாட்டாரு."

"வேலைக்குக் கூப்பிடுறீங்களா?"

"கோலாரே," என்றாள் மாஹோ, "உங்க சின்னய்யாவுக்கு ஒரு கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். காதும் போச்சா?"

கோலார் சொத்தைப் பல் தெரியச் சிரித்தார். அந்த வருடம் அவருக்கு அடுப்பு மூலை கிடைத்தது, கடைசிவரை அதை விடவில்லை.

பிறகு எமெரி எந்தப் போருக்கும் போகவில்லை என்று நினைக்க வேண்டாம். வடக்கே பிரபு இழுத்த இரண்டு சண்டைகளுக்குக் கூப்பிட்டபோது போனார். ஒவ்வொரு தடவையும் பயந்தார், கண்ணையும் மூடினார், நின்ற இடத்தை மட்டும் விடவில்லை. இதையும் அவரேதான் சொல்வார். ஊரில் அதை யாரும் வீரக்கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவு வீரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் நாரை மாதிரி ஒற்றைக்காலில் நின்று கத்துவார்கள். அவரும் பதிலுக்கு ஒற்றைக்காலில் நிற்பார். மாவு அளப்பதில் ஒரு பிடி குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. வெள்ளம் வந்த வருடம் மோன்லூ ரெனியே தன் கோதுமையை இந்த ஆலையில்தான் அரைத்தான். அவனுக்கும் அளவு சரியாகவே இருந்தது. "கோபம் இல்லையா?" என்று ரெனியே கேட்டானாம். "இருக்கு. மாவுல கலக்கல," என்றாராம் எமெரி.

குழந்தைகள் பிறந்தன, அதில் ஒன்று மட்டும் தங்கவில்லை. கோலார் அடுப்பு மூலையில் தூங்கியபடியே போனார். வருடங்கள் ஆற்றுத்தண்ணீராக ஆலைச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போயின. ஓர் இலையுதிர்காலத்தில் எமெரிக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மஞ்சளாகிக்கொண்டு வந்தபோது அவருக்கு வைத்தியன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த நிறத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார், கோஷேயின் இரும்புத் தொப்பிக்குள்.

கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொன்னார். அங்கிருந்து பாலமும் அந்தப் புல்வெளியும் வாதுமை மரமும் தெரியும். மாஹோ பக்கத்தில் உட்கார்ந்து வாதுமைக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டிருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. நல்லாவே இருக்கு."

"இருக்கட்டும்."

"உங்கப்பா எப்படி அவ்வளவு நிம்மதியாப் போனாரு?"

"நீங்க ஈட்டியத் தூக்கினீங்கன்னு நெனச்சுக்கிட்டு."

எமெரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தார். அப்புறம் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடவ மூட மாட்டேன் மாஹோ. வர்றத பார்க்கணும். எனக்கு ஒரு கண்ணுதான் இருக்கு, மூடுற மாதிரி இருந்தா கிள்ளு."

"கிள்ளுறேன்."

கிள்ள வேண்டியிருக்கவில்லை. பனி விலகிய ஒரு காலையில், கீழே ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது, எமெரியின் மூச்சு குறுகிக் குறுகி வந்தது. ஒருமுறை இமை துடித்தது, பாதி இறங்கியது. திரும்ப ஏறியது. பாலத்தைப் பார்த்தபடி, யாரோ வருகிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்தபடியே, அவர் போய்ச் சேர்ந்தார்.

சாமியார் வந்து செபம் சொல்லி முடித்து, வழக்கப்படி இமையை மூட விரலை நீட்டினார். மாஹோ அவர் கையைப் பிடித்தாள்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் சாமி," என்றாள். "அவரு வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது அதுக்குத்தான்."

அவள் உட்கார்ந்து அந்தத் திறந்த கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள். அதற்குப் பிறகு எழுந்து, ஆலையை நிறுத்தச் சொல்லி ஆளனுப்பினாள்.